மேலே நிற்பவர்

காலை பதினொரு மணிக்கு எங்கள் வேன் அந்த ஊர் எல்லையில் நின்றது. நானும் தம்பியும் இறங்கினோம். நான் கழிவுநீர் பிளான்ட் ஆபரேட்டர். பத்தொன்பது வருஷமாக ஊர் ஊராகப் போய், மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நினைப்பதையெல்லாம் சுத்தம் செய்து தண்ணீராகத் திருப்பிக் கொடுக்கிறவள். தம்பி பம்பு மெக்கானிக். நான் எங்கே போனாலும் அவனும் வருவான். வேறு யாரோடும் வேலை பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. என் வாயைத் தாங்குகிற தெம்பு வேறு யாருக்கும் கிடையாது.

சாவி கொடுக்க ஊர்க் கமிட்டிக்காரர் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, மூக்கில் கைக்குட்டை. கேட்டிலிருந்து இருபது அடி தள்ளி நின்றுகொண்டு, சாவியை மதில்மேல் வைத்துவிட்டு விரலால் காட்டினார். கையில் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளுமாம். முந்நூறு வீட்டுக் கழிவும் ஏதோ நாங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டியது போல அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

"முன்னாடி இருந்த ஆபரேட்டர் எங்க?" என்று கேட்டேன்.

"வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு."

"எப்போ?"

"மூணு மாசம் இருக்கும்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பிளான்ட்டின் மூலையில் இருந்த சாக்கடைக் கிணற்றின் இரும்பு மூடியைப் பார்த்தார். பிறகு அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நடையைக் கட்டினார்.

சின்ன பிளான்ட்தான். ஊர்க் குழாயெல்லாம் வந்து விழுகிற கிணறு, இருபத்திரண்டு அடி ஆழம், கான்கிரீட். அதற்கு முன்னால் துணி, முடி, பிளாஸ்டிக்கைத் தடுக்கும் கம்பிச் சல்லடை. கிணற்றடியில் மூழ்கியபடி ஓடும் இரண்டு பம்புகள். அவை மேலே ஏற்றுகிற தண்ணீரைக் காற்றடித்துத் தெளியவைக்க இரண்டு தொட்டிகள். ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதில் ஒரு மேஜை, ஒரு நோட்டு. நோட்டில் பழைய ஆபரேட்டர் மணிக்கு மணி அளவுகளை எழுதி வைத்திருந்தார். வலப்பக்கம் சாய்ந்த, நெருக்கமான கையெழுத்து. மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு அது நின்றிருந்தது. வேலையை விட்டுப் போகிறவர் பாதி நாள் அளவுகளை மட்டும் எழுதிவிட்டா போவார் என்று அப்போதே எனக்கு ஓர் உறுத்தல்.

இன்னொன்றும் உறுத்தியது. கிணற்று மூடியைத் திறந்தபோது நாற்றமே இல்லை.

அது நல்ல சேதி இல்லை. கிணற்றில் ஊறுகிற விஷவாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கைக் கொன்றுவிடும். நாற்றம் நின்றதுபோல் இருக்கும். அதை நம்பித் தலையை உள்ளே விட்டவர்கள் நிறையப் பேர். நான் மூன்றடி பின்னால் நகர்ந்து, கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பூஜ்யம் காட்டியது. வாயுவும் இல்லை, நாற்றமும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் நாறாத சாக்கடைக் கிணற்றை நான் பார்த்ததில்லை.

"உனக்கு நாறினாலும் குத்தம், நாறலன்னாலும் குத்தம்" என்றான் தம்பி.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் அறையில் உட்கார்ந்து அளவு எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி கிணற்றங்கரையில் சல்லடை கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கிணற்றுப் பக்கம் இருந்தால் மற்றவர் நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும். "இருக்கியா?" என்றால் "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் யோசிக்கக்கூடாது, ஓடிப்போய் இழுக்க வேண்டும். எங்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி.

"இருக்கியா?" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்."

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் பதில் வந்தது.

பிறகு கேட் திறக்கும் சத்தம். தம்பி கையில் இரண்டு டீயோடு உள்ளே வந்தான். கடைக்குப் போய்க் கால் மணி நேரம் ஆயிற்றாம். டம்ளரைத் தர மாட்டேன் என்று கடைக்காரன் தகராறு பண்ணியதில் நேரமாகிவிட்டதாம்.

கிணற்றங்கரையில் யாரும் இல்லை. சல்லடை பாதி கழுவியபடி கிடந்தது. மூடி ஒரு சாண் அளவுக்கு நகர்ந்திருந்தது.

"நீதான் திறந்து வச்சியா?"

"மூடிட்டுத்தான்கா போனேன்." டீயை என் கையில் திணித்தான். "உனக்கு வயசாயிடுச்சு. காதுல ஏதோ ஓடுது."

எனக்குக் காதில் கோளாறு எதுவும் இல்லை. அந்தக் குரல் என் தம்பியின் குரல். அவன் பேச ஆரம்பித்த நாளிலிருந்து கேட்கிற குரல்.

அன்று இரவே ஆபீசுக்குப் போன் போட்டேன். மூச்சுக் கருவி வேண்டும், கூட இரண்டு ஆள் வேண்டும், இந்தக் கிணறு சரியில்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் என்றார்கள். என் மனுக்கள் எப்போதுமே கிணற்றில் போட்ட கல்தான்.

அடுத்த வாரம் வருவதற்குள் பம்பு நின்றது.

ஒரு பம்பு ஏற்கெனவே செத்துக் கிடந்தது. அதைத் தூக்குகிற சங்கிலி அறுந்து அடியில் விழுந்திருந்ததால் யாராலும் மேலே எடுக்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றும் வெள்ளிக்கிழமை காலை ஒரு உறுமல் உறுமிவிட்டு, மோட்டார் எரிந்து அடங்கியது. கிணறு நிரம்பிவிடாமல் இருக்க, உள்ளே வரும் குழாயை அடைத்தோம். அடைத்தால் கழிவு எங்கே போகும்? வந்த வழியே திரும்பும். பத்து மணிக்குத் தாழ்வான தெருவில் குளியலறைகள் வழியாக மேலே வர ஆரம்பித்தது. பதினோரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். இதுவரை எங்கள் முகத்தைப் பார்க்காதவர்கள் அன்று கண்ணெடுக்காமல் பார்த்தார்கள்.

"உள்ள இருக்கறதெல்லாம் எங்க வீட்டுக்குள்ள வருது! நீங்க என்ன புடுங்கிட்டா இருக்கீங்க?"

"குழந்த தூங்கற ரூமுக்கு வந்துடுச்சு!"

ஒருவன் கல்லை எடுத்துத் தகரக் கூரைமேல் எறிந்தான். கமிட்டிக்காரர் மட்டும் உள்ளே வந்தார். கைக்குட்டையைக்கூட மறந்திருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலன்னா இவங்கள என்னால நிறுத்த முடியாதும்மா. உங்க வேன கொளுத்திடுவாங்க."

யாராவது ஒருவர் இறங்கி, சங்கிலி அறுந்த பழைய பம்பின் தூக்கு வளையத்தில் புதுக் கொக்கியை மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் மேலே தூக்கிச் சுற்றியிருக்கும் துணியை வெட்டி எடுக்க அரை மணி நேரம் போதும். நான் மாட்டேன் என்றேன். தம்பி எனக்கு முன்னாலேயே இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு மணி நேரம் காத்தடிப்போம். மீட்டர் இறக்குவோம். கயிறு உன் கையிலதானே இருக்கு? உன் கைய விடவா எனக்கு இன்சூரன்ஸ்?"

எனக்குக் குடும்பம் என்றால் அவன்தான். அவனும், அவன் மனைவியும், அவர்களுக்கு வரப்போகிற குழந்தையும். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றேன். அந்த 'சரி'யைத் திரும்ப வாங்க இன்று வரை வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேலேயே காற்றூதியை ஓடவிட்டோம். மீட்டர் பூஜ்யம். கிணற்றின்மேல் மூன்று கால் இரும்புத் தாங்கியை நிறுத்தி, அதில் கப்பி மாட்டி, கயிற்றைப் பூட்டினோம். பகல் இரண்டு மணிக்கு அவன் ஏணியில் கால் வைத்தான். மத்தியான வெயில் கிணற்றின் பாதி ஆழம் வரைதான் இறங்கியது. அதற்குக் கீழே கறுப்பு. அவன் தலை விளக்கு அதற்குள் போய்ச் சின்னதாகி நின்றது.

"இருக்கியா?"

"இருக்கேன். இங்க ஒரு பல்செட்டு கிடக்குது. கமிட்டிக்காரர் எதையாவது தொலச்சாரான்னு கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கமிட்டிக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆறடி தள்ளி நின்று, கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கியா?"

"இருக்கேன். பம்பத் தொட்டுட்டேன். சேத்துல புதஞ்சிருக்கு. ஆட்டிப் பாக்கறேன்."

"பாத்து. சேறு கலங்கினா வாயு கிளம்பும்."

"தெரியும்கா."

கீழே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. குமிழிகள் வெடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் இல்லை.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"கொக்கி மாட்டிட்டியா?"

"இருக்கேன்."

கயிற்றைப் பிடித்திருந்த என் விரல்கள் இறுகின. அவன் எப்போதும் ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசுகிறவன்.

"டேய். கொக்கி மாட்டிட்டியான்னு கேட்டேன்."

"இருக்கேன்."

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். மூன்று முறையும் ஒரே அச்சில் வார்த்தது.

நான் வாயைத் திறந்தேன். இன்னும் கூப்பிடவில்லை.

"இருக்கேன்."

கமிட்டிக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இழும்மா" என்றார், குரலே வெளியில் வராமல். "ஐயோ, இழும்மா!"

இழுத்தேன்.

கயிறு முதலில் வரவில்லை. ஏதோ ஒன்று கீழ்முனையைப் பிடித்திருந்தது. கீழேயிருந்து என் தம்பியின் குரல், அவசரமே இல்லாமல், "இழுக்காதே" என்றது. "இருக்கேன். இழுக்காதே."

பத்தொன்பது வருஷமாகப் பதில் வந்தால் இழுக்கக்கூடாது என்று பழகிய கை. ஒரு நொடி நின்றேன். பதில் வருகிறதே, ஆள் இருக்கிறானே என்று மனசு வாதாடியது. அந்த ஒரு நொடிக்காக என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

பிறகு காலைக் கிணற்று விளிம்பில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். கீழே பிடி விட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கமிட்டிக்காரரை எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளிலெல்லாம் திட்டினேன். அவர் வந்து கயிற்றின் வாலைப் பிடித்தார். கயிறு முழம் முழமாக ஏறியது.

தம்பியின் தலை வெயிலுக்குள் வந்தது. முகம் நீலம். கண் பாதி திறந்திருந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

அவன் என் முன்னால் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு அடி கீழேயிருந்து அவன் குரல் சொன்னது.

"இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் நாலு நாள் மூச்சு மெஷினில் கிடந்தான். நாத்தனார் முறையில் நான் ஆறுதல் சொல்ல வேண்டியவள்; என் தம்பி மனைவிதான் ஆறு மாத வயிற்றோடு எனக்கு ஆறுதல் சொன்னாள். இரண்டாம் நாள் கமிட்டிக்காரர் வந்தார். வார்டுக்கு வெளியே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பழைய ஆபரேட்டர் வேலைய விட்டுட்டுப் போகலம்மா. அந்தக் கிணத்துலதான் போனாரு. அறுந்த சங்கிலிய மாட்ட இறங்கினாரு. மேல நிக்க ஆள் வேணும்னாரு. ஊர்ல ஒருத்தரும் வரல, நான் வந்தேன். கொஞ்ச நேரம் கூப்பிட்டேன். நாத்தம் தாங்கல. கேட்டாண்ட போனேன். போன் வந்துச்சு, பேசிட்டே நின்னுட்டேன். திரும்பி வந்து பாத்தப்ப..."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம் இருக்கும்." அழுதார். "அவரு கீழேருந்து என்னக் கூப்பிட்டிருப்பாரும்மா."

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. என் உள்ளங்கை இரண்டிலும் கட்டு. இல்லாவிட்டால் அறைந்திருப்பேன். சாவி கொடுத்த அன்றே இதைச் சொல்லியிருந்தால் என் தம்பி அந்த ஏணியில் கால் வைத்திருக்க மாட்டான். இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்ல அவனுக்கு அப்போது நினைவே இல்லை.

ஐந்தாம் நாள் கண் விழித்தான். பிழைத்துவிட்டான் என்றார் டாக்டர். பேச்சு மட்டும் வரவில்லை. தொண்டையில் காயம் இல்லை, தானாக வரும் என்றார். வீட்டுக்குக் கூட்டிப் போனோம். சாப்பிட்டான், தூங்கினான், நடந்தான். ஆனால் என்னைப் பார்த்தால் யாரோ தெரியாத பெண்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மனைவி அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தபோது மெதுவாக விடுவித்துக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை. ஒரு வேற்று ஆள் விடுவித்துக்கொள்கிற மரியாதையோடு.

"அதிர்ச்சி அண்ணி, சரியாயிடும்" என்றாள் அவள். நானும் அதையே நம்பினேன். அதை நம்பாவிட்டால் வேறு எதை நம்புவது?

மூன்றாவது வாரம் கமிட்டிக்காரர் வீட்டுக்கு வந்தார். பார்த்துவிட்டுப் போக வேண்டும், மனசு கேட்கவில்லை என்றார். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதல் முறையாக, ஆளைத் தெரிந்துகொண்ட களை வந்தது. வீடு திரும்பியபிறகு எங்கள் யாரைப் பார்த்தும் வராத களை.

எழுதிக் காட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த நோட்டை அதுவரை அவன் தொட்டதில்லை. அன்று எடுத்தான். ஒரே ஒரு வரி எழுதி, கமிட்டிக்காரர் பக்கம் திருப்பினான்.

'கூப்பிடுவதை ஏன் நிறுத்தினாய்?'

என் தம்பியை நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை.

எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, நெருக்கமாக இருந்தது, பிளான்ட் நோட்டில் நான் பார்த்தது போலவே.

கமிட்டிக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். அவன் நாற்காலியில் நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவர் ஓடுவதைக் கடைசி வரை பார்த்தான். இவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான் என்றால், என் தம்பி எங்கே?

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். பிளான்ட்டை இப்போது வேறு ஆட்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அன்று யாரும் இல்லை. சாவி ஒன்று என்னிடம் இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. பம்பு சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் தள்ளினேன்.

நாற்றமே இல்லை.

"இருக்கியா?" என்றேன்.

விளிம்பில் மண்டியிட்டுக் காது கொடுத்தேன். பிறகு, மிகவும் களைத்துப் போன குரல்.

"இருக்கேன்கா. எத்தன நாளா கூப்பிடறேன், எங்க போயிட்ட? இங்க ஒரே குளிரு. கயித்த விடு."

ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை.

அறையில் கிடந்த மூன்று கால் தாங்கியை நிறுத்தி, கப்பியில் கயிற்றைப் பூட்டி இறக்கினேன். இருபத்திரண்டு அடி போனதும் கயிறு இறுகியது. கனம் ஏறியது. அவன் கனம் என் உள்ளங்கைக்குத் தெரியும். அங்கே காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அழுதுகொண்டே இழுத்தேன். இரண்டு முழம் ஏறியது. இடுப்பில் போன் அடித்தது. விடாமல் அடித்தது. கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு எடுத்தேன்.

"அண்ணி! அண்ணி, இவரு கீழ விழுந்துட்டாரு! தொண்டையப் புடிச்சுக்கிட்டு, மூச்சே வரல, மூஞ்சி நீலமா ஆயிடுச்சு அண்ணி!"

என் கை தானாகத் தளர்ந்தது. கயிறு இரண்டு முழம் கீழே போனது.

"வருது... மூச்சு வருது. கண்ணத் தொறக்கறாரு." அவள் விம்மினாள். "போன வச்சிடாதீங்க அண்ணி. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இவர விட்டா யாரு இருக்கா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். ஒரே ஒரு முழம், மெதுவாக இழுத்துப் பார்த்தேன்.

"அண்ணி, மறுபடியும்! மறுபடியும் அதே மாதிரி..."

நிறுத்தினேன்.

இழுத்தால் அங்கே அந்த உடம்பு மூச்சு விடாது, விட்டால் இங்கே என் தம்பி கீழேயே கிடப்பான். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்படியே நின்றேன். வெயில் தலையில் இறங்கியது. போனில் அவள் அவனைப் பெயர் சொல்லி எழுப்பிக்கொண்டிருந்தாள். கயிறு லேசாக ஆடியது. கீழேயிருந்து ஒருவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் ஆடுகிற மாதிரி.

"அக்கா" என்றது கிணறு. "ஏன் நிறுத்திட்ட?"